பிளேர் மேய்ன்

ராபர்ட் பிளேர் மேய்ன் (ஜனவரி 11, 1915 – டிசம்பர் 14, 1955) வட அயர்லாந்தைச் சேர்ந்த ரக்பி ஆட்டக்காரர், சட்ட வல்லுநர், பிரித்தானியப் படை அதிகாரி. அயர்லாந்து தேசிய அணிக்காக 6 ஆட்டங்களிலும், 1938-ல் தென்னாப்பிரிக்கா சென்ற பிரித்தானிய லயன்ஸ் அணிக்காக மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆடியவர். இரண்டாம் உலகப் போரில் 'எஸ்.ஏ.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறப்பு வான்சேவைப் படையின் தொடக்ககால அதிகாரிகளுள் ஒருவராக இருந்து, பின்னர் அதன் முதலாம் படைப்பிரிவின் தளபதியானார். 'டி.எஸ்.ஓ.' எனப்படும் சிறப்புச் சேவை விருதை நான்கு முறை பெற்றார்.

படையில் இவருக்கு வழங்கிய பெயர் 'பாடி' மேய்ன். அயர்லாந்துக்காரர்களைப் பொதுவாக அழைக்கும் பட்டப்பெயர் அது. குடும்பத்தாருக்கும் சொந்த ஊராருக்கும் அவர் என்றும் பிளேர்தான். அவரைப் பற்றி உலவும் கதைகளில் பல இந்தப் 'பாடி'யைச் சுற்றி எழுந்தவை. ஆவணங்களில் உள்ள மனிதர் அந்தக் கதைகளிலிருந்து சற்று வேறுபட்டவர். நான்கு விருதுகளைப் பெற்றவருக்குப் பிரித்தானியாவின் மிக உயர்ந்த போர் விருதான விக்டோரியா சிலுவை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி இன்றுவரை விவாதிக்கப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

மேய்ன் டவுன் மாவட்டத்தின் நியூட்டவுனார்ட்ஸ் நகரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகருக்குக் கிழக்கே, ஸ்ட்ராங்போர்டு கடல் ஏரியின் வடமுனையில் உள்ள சிறிய வணிக ஊர் அது. கடைகள் நடத்திவந்த பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவக் குடும்பம் அவருடையது. ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. உறவினரான படை அதிகாரி ஒருவரின் நினைவாக ராபர்ட் பிளேர் என்ற பெயர் இடப்பட்டது. ஊருக்கு மேலே குன்றின் சரிவில் இருந்த 'மவுண்ட் பிளசண்ட்' வீட்டில் வளர்ந்தார்.

ரீஜெண்ட் ஹவுஸ் பள்ளியில் படிக்கும்போதே பள்ளி அணிக்கும் உள்ளூர் ஆர்ட்ஸ் சங்கத்துக்கும் ரக்பி ஆடினார். கிரிக்கெட்டும் கோல்பும் ஆடுவார். குறிபார்த்துச் சுடுவதிலும் தேர்ச்சி இருந்தது. பின்னர் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் பணிக்கு அல்லாமல், சட்ட ஆலோசனையும் பத்திர வேலையும் வழக்கைத் தயார்செய்வதும் அடங்கிய சொலிசிட்டர் பணிக்கான படிப்பு அது. பல்கலைக்கழகத்தில் குத்துச்சண்டையைக் கற்று, 1936-ல் அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் மிகுஎடைப் பிரிவில் வென்றார். அடுத்து நடந்த பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் போட்டியில் இறுதிச் சுற்று வரை சென்று புள்ளிக் கணக்கில் தோற்றார்.

ரக்பி ஆட்டம்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் அணிக்கு 15 பேர். முன்கள ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தோளோடு தோள் பிணைத்துக்கொண்டு எதிரணியினரைத் தள்ளும் கட்டத்துக்கு 'ஸ்கிரம்' என்று பெயர். மேய்ன் ஆடியது இரண்டாம் வரிசையில். ஆங்கிலத்தில் 'லாக்' என்று அழைக்கப்படும் இடம் அது. ஸ்கிரம்மின் தள்ளு வலிமை பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்தே வருகிறது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு அதை மீண்டும் உள்ளே எறியும்போது உயரத்தில் பிடிக்க வேண்டியவர்களும் இவர்களே. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்ட மேய்ன் இதற்குப் பொருத்தமானவராக இருந்தார். ஓட்டமெடுத்துப் புள்ளி சேர்ப்பவர்களைப் போலப் பெயர் வாங்கித் தரும் இடமன்று அது. மற்றவர்கள் ஓடுவதற்கு வழிசெய்யும் இடம்.

அயர்லாந்து 1920-களின் தொடக்கத்தில் அரசியல் வகையில் இரண்டாகப் பிரிந்தது. வடக்கு பிரித்தானியாவுடன் தங்கியது. தெற்கு தனி நாடாகியது. ஆனால் ரக்பி அணி பிரியவில்லை. அப்போதும் இப்போதும் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான். வடக்கின் புரோட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்த மேய்ன், டப்ளின் முதலிய தெற்கத்திய ஊர்களின் ஆட்டக்காரர்களோடு ஒரே பச்சை உடையில் ஆடினார். 1937 ஏப்ரலில் பெல்பாஸ்டில் வேல்ஸ் அணிக்கு எதிராக முதன்முதலாகத் தேசிய அணியில் இடம்பெற்றார்.

1938-ல் லயன்ஸ் அணிக்குத் தேர்வானார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் சேர்ந்து தெற்கு அரைக்கோள நாடுகளுக்குச் செல்லும் கூட்டு அணி அது. அவ்வாண்டின் அணித்தலைவர் அயர்லாந்தின் சாம் வாக்கர். தென்னாப்பிரிக்காவின் 'ஸ்பிரிங்பாக்ஸ்' அணி அன்று உலகின் வலிமைமிக்க அணியாகக் கருதப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் டெஸ்டில் 26–12 எனவும், போர்ட் எலிசபெத்தில் நடந்த இரண்டாவது டெஸ்டில் 19–3 எனவும் லயன்ஸ் தோற்றது. கேப் டவுன் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் நடந்த மூன்றாவது டெஸ்டில் இடைவேளையின்போது 13–3 என்று பின்தங்கியிருந்த லயன்ஸ், இறுதியில் 21–16 என்று வென்றது. அந்த அணியில் எட்டுப் பேர் அயர்லாந்துக்காரர்கள். மேய்ன் மூன்று டெஸ்டுகளிலும் ஆடினார்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சக ஆட்டக்காரர்கள் சொன்ன கதைகள் பல. விருந்துகளில் சலிப்படைந்து இரவில் காணாமற்போவார். ஒருமுறை வேட்டைக்குச் சென்று சுட்ட மானைத் தோளில் சுமந்துகொண்டு விடுதிக்குத் திரும்பினார் என்பது அவற்றில் ஒன்று. குடித்துவிட்டால் முரட்டுத்தனம் மேலோங்கும், மற்ற வேளைகளில் கூச்சமும் மென்மையான பேச்சும் உடையவர் என்பது அவரை அறிந்தவர்கள் ஏறத்தாழ ஒருமித்துச் சொல்லும் செய்தி.

1939-ல் அயர்லாந்து இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் பெல்பாஸ்டில் வேல்ஸிடம் 0–7 என்று தோற்றது. அந்த மார்ச் மாத ஆட்டமே மேய்னின் கடைசிச் சர்வதேச ஆட்டம். அப்போது அவருக்கு வயது 24. இரண்டாம் வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் சிறந்த ஆண்டுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

படையில் சேர்தல்

சட்டப் படிப்பை முடித்துப் பெல்பாஸ்டில் ஒரு நிறுவனத்தில் பணியில் சேர்ந்த அதே 1939-ல், போர் தொடங்குவதற்கு முன்பே, துணைக் காப்புப் படையின் வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1940-ல் ராயல் அல்ஸ்டர் ரைபிள்ஸ் காலாட்படைக்கு மாறினார். டன்கர்க்கிலிருந்து பிரித்தானியப் படை பின்வாங்கிய பிறகு, எதிரியின் கரையில் திடீர்த் தாக்குதல் நடத்தித் திரும்பும் 'கமாண்டோ' பிரிவுகள் உருவாக்கப்பட்டன. மேய்ன் விருப்பத்தின்பேரில் 11-ஆம் (ஸ்காட்டிஷ்) கமாண்டோவில் சேர்ந்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ஓவன் மெக்கானிகலும் உடன் இருந்தார். பெல்பாஸ்டைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்து இளைஞர் அவர். மத வேறுபாடு ஊரைப் பிரித்திருந்த காலத்தில் இருவருடைய நட்பும் அதைக் கடந்திருந்தது.

1941 ஜூன் 9 அன்று லெபனானின் லித்தானி ஆற்றின் முகத்துவாரத்தில் இந்தப் பிரிவு கடல்வழியாகத் தரையிறங்கியது. ஜெர்மனியோடு உடன்பட்டிருந்த விசி பிரெஞ்சு அரசின் படைகள் எதிரே இருந்தன. பிரிவின் தளபதி ரிச்சர்ட் பெடர் உட்படப் பலர் இறந்தனர். மேய்ன் தமது சிறு குழுவை நடத்திச்சென்று கைதிகளுடன் திரும்பினார். அவருடைய செயல் படை அறிக்கையில் குறிப்பிடப்பட்டது.

இதன் பிறகுதான் மிகப் பரவலான கதை வருகிறது. பெடருக்குப் பின் தளபதியான ஜெப்ரி கீஸை மேய்ன் அடித்து வீழ்த்தினார். அதற்காகச் சிறையில் இருந்தபோது டேவிட் ஸ்டிர்லிங் அவரைச் சந்தித்துத் தம் புதிய படைக்கு அழைத்துச் சென்றார் என்பது கதை. பிற்கால ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. மேய்ன் ஒரு மேலதிகாரியைத் தாக்கியதும் அதற்காக விசாரிக்கப்பட்டதும் உண்மை. ஆனால் கீஸின் நாட்குறிப்பின்படி அடிபட்டவர் கீஸ் அல்லர், வேறோர் அதிகாரி. மேய்னின் பெயரை ஸ்டிர்லிங்குக்குப் பரிந்துரைத்தவர் நண்பர் மெக்கானிகல் என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில்

1941 ஜூலையில் எகிப்தின் கப்ரித் என்னுமிடத்தில் ஸ்டிர்லிங் 'எல் பிரிவு' என்ற சிறு படையைத் தொடங்கினார். எஸ்.ஏ.எஸ். படையின் தொடக்கம் அது. எதிரியின் போர்முனைக்குப் பின்னால், காவல் தளர்ந்த விமானத் தளங்களில் இரவில் நுழைந்து, நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களில் குண்டு வைத்துத் திரும்புவது அதன் நோக்கம். நாலைந்து பேர் கொண்ட குழுவே ஒரு தளத்துக்குப் போதும் என்பது ஸ்டிர்லிங்கின் கணிப்பு. இதற்கென ஒரு குண்டை ஜாக் லூயிஸ் என்ற அதிகாரி உருவாக்கினார். பிளாஸ்டிக் வெடிமருந்து, தெர்மைட், எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து செய்த அந்தக் குண்டு விமானத்தை வெடித்துச் சிதைப்பதோடு எரிபொருளையும் தீப்பற்றவைக்கும். விமானத்தின் இறக்கையில் ஒட்டிவைத்துவிட்டு வந்துவிடலாம்.

1941 நவம்பரில் நடந்த முதல் நடவடிக்கை தோல்வி. கடும் புயற்காற்றில் வான்குடையுடன் குதித்தவர்கள் பாலைவனத்தில் சிதறினர். பலர் இறந்தனர் அல்லது சிறைப்பட்டனர். இறந்தவர்களில் மெக்கானிகலும் ஒருவர். பின்னர் அப்பகுதி பிரித்தானியர் வசம் வந்தபோது மேய்ன் நண்பரின் கல்லறையைத் தேடிச் சென்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

வான்குடை முறை கைவிடப்பட்டது. பாலைவன வழிகளை நன்கறிந்த நெடுந்தொலைவு பாலைவன அணியின் லாரிகளில் ஏறித் தளத்துக்கு அருகில் சென்று, அங்கிருந்து நடந்து நுழைவது என்று முடிவாயிற்று. 1941 டிசம்பர் 14 இரவு, லிபியாவின் சிர்தே நகருக்கு அருகிலுள்ள தமேத் தளத்தை மேய்னின் குழு தாக்கியது. 24 விமானங்கள் அழிக்கப்பட்டன அல்லது சேதமாக்கப்பட்டன. எரிபொருள் கிடங்கும் எரிந்தது. கொண்டுவந்த குண்டுகள் தீர்ந்துபோனதால், ஒரு விமானத்தின் ஓட்டுநர் அறையில் ஏறி அளவுகருவிப் பலகையை மேய்ன் வெறுங்கையால் பிடுங்கி எடுத்தார் என்பது எஸ்.ஏ.எஸ். வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சி. சில நாட்களில் அதே தளத்துக்கு மீண்டும் சென்று 27 விமானங்களை அழித்தார். அவருக்கு முதல் டி.எஸ்.ஓ. விருது இதற்காக வழங்கப்பட்டது.

தமேத் தாக்குதலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. குண்டு வைப்பதற்கு முன், விமான ஓட்டிகள் கூடியிருந்த ஓய்வுக் குடிலின் கதவைத் திறந்து மேய்னின் குழு உள்ளே இருந்தவர்களைச் சுட்டது. இது தேவைக்கு மிஞ்சிய கொடுமை என்று தாம் கண்டித்ததாக ஸ்டிர்லிங் பிற்காலத்தில் கூறினார். எதிரி ஒரு விமானத்தைச் சில வாரங்களில் செய்துவிடலாம், பயிற்சி பெற்ற ஓட்டியை உருவாக்க நெடுங்காலம் ஆகும் என்பது இத்தகைய தாக்குதலுக்குப் பின்னிருந்த போர்க் கணக்கு. ஆயினும் வீரச் செயலாகப் போற்றப்படும் ஒன்றினுள் இந்தக் கேள்வியும் இருக்கிறது என்பதை மறைக்க இயலாது.

1942 ஜூலையில் எகிப்தின் பகூஷ் தளத்தில் மேய்னின் குழு வைத்த குண்டுகளில் பல, ஈரம் பட்ட வெடிதூண்டிகளால் வெடிக்காமற் போயின. உடனே ஸ்டிர்லிங்கும் மேய்னும் வண்டிகளில் தளத்துக்குள் புகுந்து, மீதமிருந்த விமானங்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு அழித்தனர். அந்த அவசரத் தீர்விலிருந்து புதிய முறை பிறந்தது. அம்மாத இறுதியில் சிதி ஹனெய்ஷ் தளத்தில் 18 ஜீப்புகள் அணிவகுத்து நுழைந்தன. விமானங்களுக்கென வடிவமைக்கப்பட்ட, மிக விரைவாகச் சுடும் விக்கர்ஸ் துப்பாக்கிகள் அவற்றில் பொருத்தப்பட்டிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. பாலைவனப் போர் முடிவதற்குள் மேய்னும் அவருடைய குழுக்களும் தரையில் அழித்த விமானங்கள் நூறைத் தாண்டும் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு.

சிசிலியும் இத்தாலியும்

1943 ஜனவரியில் துனீசியாவில் ஸ்டிர்லிங் எதிரியிடம் சிறைப்பட்டார். அவரோடு படையும் முடிந்துவிடும் என்ற நிலை. பிரிவு இரண்டாக்கப்பட்டு, ஒரு பாதி 'சிறப்புத் திடீர்த்தாக்குதல் பிரிவு' என்ற பெயரில் மேய்னின் பொறுப்பில் விடப்பட்டது. தனித்துச் செயற்படுபவர், அலுவலக வேலை பிடிக்காதவர் என்று கருதப்பட்டவர் ஒரு முழுப் படையைத் திட்டமிட்டு நடத்தக்கூடியவர் என்பது இங்குதான் வெளிப்பட்டது.

1943 ஜூலை 10 அன்று நேசப்படைகள் சிசிலியில் தரையிறங்கின. மேய்னின் பிரிவு 'அல்ஸ்டர் மோனார்க்' என்ற கப்பலிலிருந்து இறங்கியது. போருக்கு முன் பெல்பாஸ்டுக்கும் லிவர்பூலுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச்சென்ற கப்பல் அது. கப்போ முர்ரோ தி போர்க்கோ முனையில் இருந்த கடலோரப் பீரங்கிகள் தரையிறங்கும் கப்பல்களை மூழ்கடிக்கக்கூடியவை. அவற்றைப் பிரிவு கைப்பற்றியது. ஏறத்தாழ 500 பேர் கைதாயினர். பிரிவின் தரப்பில் இறந்தவர் ஒருவர் மட்டுமே. இரண்டு நாள் கழித்து அகஸ்தா துறைமுகத்தைப் பட்டப்பகலில் கைப்பற்றினர். இவற்றுக்காக மேய்னுக்கு இரண்டாம் முறை டி.எஸ்.ஓ. வழங்கப்பட்டது.

அக்டோபரில் இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள தெர்மோலியில் நிலைமை மாறியது. ஊரைக் கைப்பற்றியவர்களை ஜெர்மானியக் கவசப் படை எதிர்த்துத் தாக்கியது. ஆட்கள் ஏறியிருந்த லாரி ஒன்றின்மீது பீரங்கிக் குண்டு விழுந்து ஒரே நொடியில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பிரான்சும் ஜெர்மனியும்

1944 ஜனவரியில் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்த மேய்ன், மீண்டும் அமைக்கப்பட்ட முதலாம் எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவின் தளபதியானார். அப்போது வயது 29. ஜூன் மாத நார்மண்டி தரையிறக்கத்தை ஒட்டி அவருடைய குழுக்கள் பிரான்சின் உட்பகுதிகளில் வான்குடையில் இறங்கி, பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தினருடன் சேர்ந்து இருப்புப் பாதைகளையும் சாலைகளையும் தகர்த்தன. ஆபத்து பெரிது. பிடிபடும் கமாண்டோ வீரர்களைக் கொன்றுவிட வேண்டும் என்ற ஹிட்லரின் 1942-ஆம் ஆண்டு ஆணை நடைமுறையில் இருந்தது. 'புல்பாஸ்கெட்' என்ற நடவடிக்கையில் பிடிபட்ட 30-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் மேய்னும் மோர்வான் மலைப்பகுதியில் வான்குடையில் இறங்கி, எதிரியின் நிலப்பகுதிக்குள் தம் குழுக்களைத் தேடிச் சென்று ஒருங்கிணைத்தார். மூன்றாம் டி.எஸ்.ஓ. இதற்கு உரியது. பிரான்சும் 'குரூவா த கேர்' பதக்கத்தையும் 'லெஜியன் தோனர்' விருதையும் வழங்கியது.

1945 ஏப்ரல் 9 அன்று, வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் அருகே, கனடாவின் நான்காம் கவசப் படைக்கு முன்னால் ஜீப்புகளில் வழிபார்த்துச் சென்ற ஒரு பிரிவு கடும் தாக்குதலில் சிக்கியது. அதன் தலைவர் மேஜர் டிக் பாண்ட் கொல்லப்பட்டார். காயமடைந்தவர்கள் உட்படச் சிலர் சாலையோரப் பள்ளத்தில், தலை தூக்க முடியாத நிலையில் கிடந்தனர். செய்தி கேட்டு வந்த மேய்ன் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஒரு ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் தாமே அமர்ந்தார். லெப்டினன்ட் ஜான் ஸ்காட் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டார். எதிரிகள் இருந்த வீடுகளையும் காட்டையும் சுட்டபடியே ஜீப் சாலையில் சென்றது. திரும்பி, மீண்டும் அதே சாலையில் வந்தது. பள்ளத்தருகே நிறுத்தி இறங்கி, காயமடைந்தவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு மேய்ன் திரும்பினார்.

விக்டோரியா சிலுவை பற்றிய கேள்வி

இந்தச் செயலுக்காக மேய்னுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலங்கள் இணைக்கப்பட்டன. அவருடைய மேலதிகாரியான பிரிகேடியர் கால்வர்ட்டும், கனடியப் படையின் தளபதி மேஜர் ஜெனரல் வோக்ஸும் ஆதரித்தனர். ஆனால் இறுதியில் கிடைத்தது நான்காவது டி.எஸ்.ஓ.

இரு விருதுகளுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். 1856-ல் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியா சிலுவை, எதிரியின் முன்னிலையில் காட்டும் மிக உயர்ந்த துணிவுக்கு உரியது. சிப்பாய் முதல் தளபதி வரை எவரும் பெறலாம். 1886-ல் ஏற்படுத்தப்பட்ட டி.எஸ்.ஓ. அன்று அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. போரில் தலைமைத்திறத்துக்கும் சிறந்த பணிக்கும் தரப்படுவது. ஒருவர் மீண்டும் அதே விருதைப் பெற்றால் புதிய பதக்கம் தரமாட்டார்கள். பழைய பதக்கத்தின் நாடாவில் ஒரு பட்டை சேர்க்கப்படும். ஆகவே மேய்னின் விருது 'டி.எஸ்.ஓ.வும் மூன்று பட்டைகளும்' என்று குறிக்கப்படுகிறது. இந்த அளவை எட்டியவர்கள் மிகச் சிலரே. ஓல்டன்பர்க் செயலை ஒரு தளபதியின் தலைமைத்திறமாகக் கொள்வதா, உயிரைப் பொருட்படுத்தாத ஒருவரின் துணிவாகக் கொள்வதா என்பதில்தான் தீர்ப்பு மாறுகிறது.

முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. கமாண்டோ படைகளின் முன்னோடித் தளபதியான ராபர்ட் லேக்காக், மேய்னுக்கு எழுதிய வாழ்த்துக் கடிதத்தில், உரியவர்கள் தம் வேலையை அறிந்திருந்தால் விக்டோரியா சிலுவையும் தந்திருப்பார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தார். 2005-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் விருதை மறுபரிசீலனை செய்யக் கோரும் தீர்மானத்தை ஆதரித்தனர். போர்க்கால விருது முடிவுகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு திறப்பதில்லை என்ற நிலையிலிருந்து அரசு அப்போது மாறவில்லை. ஒருவருக்காகத் திறந்தால் சாட்சிகள் மறைந்துவிட்ட எண்ணற்ற பிறருக்கும் திறக்க வேண்டிவரும் என்பது அந்த நிலைக்குச் சொல்லப்படும் காரணம். முரட்டு நடத்தையால்தான் விருது மறுக்கப்பட்டது என்று ஆதரவாளர்கள் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஊகமாகவே உள்ளது.

ரக்பி ஆட்டக்காரர்கள் இந்த விருதைப் பெற்றது புதிதன்று. அயர்லாந்துக்காக ஆடிய தாமஸ் கிரீன், ராபர்ட் ஜான்ஸ்டன் இருவரும் போயர் போரிலும், பிரெடரிக் ஹார்வி 1917-ல் பிரான்சிலும் அதை வென்றனர். இங்கிலாந்துக்கு ஆடிய ஆர்தர் ஹாரிசனுக்கு 1918 சீபுரூக் தாக்குதலில் இறந்த பிறகு வழங்கப்பட்டது. மேய்ன் அடித்ததாகக் கதை சொல்லும் ஜெப்ரி கீஸும் 1941 நவம்பரில் ரோமெலின் தலைமையகம் என்று கருதப்பட்ட இடத்தைத் தாக்கி இறந்து, அதே சிலுவையைப் பெற்றார்.

போருக்குப் பின்

1945 அக்டோபரில் எஸ்.ஏ.எஸ். கலைக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் மேய்ன், பழைய தோழர்களான ஜான் டோன்கின், மைக் சாட்லர் ஆகியோருடன் பிரித்தானியாவின் தென்முனை ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். போரில் ஏற்பட்ட முதுகுக் காயத்தின் வலி தாங்க இயலாமற்போனதால் பாதியில் திரும்பினார். பின்னர் வட அயர்லாந்துச் சட்டச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார்.

முதுகு வலி அவரை விட்டு நீங்கவில்லை. மீண்டும் ரக்பி ஆடுவது இருக்கட்டும், மைதானத்தில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்க்கவும் அவரால் முடியவில்லை. போரைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயுடன் மவுண்ட் பிளசண்ட் வீட்டில் வாழ்ந்து, தோட்டத்தைக் கவனித்தார். குடிப்பழக்கம் கூடியது. போரின் மனப்பாதிப்புக்குப் பெயரும் சிகிச்சையும் தெளிவாக இல்லாத காலம் அது. திரும்பி வந்தவர்கள் அதைத் தனியாகவே சுமந்தனர்.

1955 டிசம்பர் 14 அதிகாலையில், நண்பர்களுடன் இருந்துவிட்டு வீடு திரும்பும் வழியில், நியூட்டவுனார்ட்ஸ் தெருவில் நிறுத்தியிருந்த லாரியில் அவருடைய ரைலி கார் மோதியது. வீட்டுக்கு அருகிலேயே இறந்தார். வயது 40. தமேத் தாக்குதல் நடந்து அன்றோடு சரியாக 14 ஆண்டுகள். இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. ஊரின் மோவில்லா இடுகாட்டில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவும் மதிப்பீடும்

நியூட்டவுனார்ட்ஸின் கான்வே சதுக்கத்தில் மேய்னுக்குச் சிலை உள்ளது. ஊரின் புறவழிச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது. 2022-ல் பிபிசி ஒளிபரப்பிய 'எஸ்.ஏ.எஸ்.: ரோக் ஹீரோஸ்' தொடரில் ஜாக் ஓ'கானல் மேய்னாக நடித்தார். அத்தொடர் அவரை உலகெங்கும் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. கட்டுக்கடங்காத முரடர் என்ற பழைய உருவத்தை மேலும் பெரிதாக்கியும் காட்டியது. குடும்பக் கடிதங்களையும் படை ஆவணங்களையும் ஆராய்ந்தவர்கள் அதனுடன் முரண்படுகின்றனர். கட்டுப்பாடற்ற ஒருவரால், ஒரு பீரங்கித் தளத்தை ஓர் உயிரிழப்போடு கைப்பற்றும் திட்டத்தை வகுத்திருக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

ரக்பி அவரைப் போர் வீரராக்கியது என்று சொல்லிவிடுவது எளிது. உடல் வலிமையும் தோழர்களை விட்டுக்கொடுக்காத பழக்கமும் இரண்டு களங்களிலும் உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆட்டத்தில் நடுவர் ஊதியதும் இரு அணிகளும் கைகுலுக்கிப் பிரியும். தமேத் குடிலுக்கும் தெர்மோலி லாரிக்கும் அப்படி ஒரு முடிவு இல்லை. ஆட்டக்காரராக மேய்ன் கொண்டுவந்த உடலைப் போர் எடுத்துக்கொண்டது. நான்கு பதக்கங்களா, ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்க வேண்டுமா என்ற வாதம் இன்னும் தொடர்கிறது. ஓல்டன்பர்க் சாலையோரப் பள்ளத்திலிருந்து அவர் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள் உயிரோடு திரும்பினர் என்பது அந்த வாதத்தின் எந்த முடிவாலும் மாறாது.